முட்டை ஓட்டில் கை வைப்பதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே இன்குபேட்டர் வைத்து நாட்டுக்கோழி முட்டைகளைப் பொரிக்க வைப்பது பற்றி உங்கள் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெட்டி செய்வது, பல்பு, தெர்மோஸ்டாட், ஃபேன், முட்டையைப் பார்த்து எடுப்பது எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் வெளியே வர முடியாமல் தவிக்கிற குஞ்சை நாமே ஓட்டை உடைத்து எடுத்துவிடலாம் என்று கடைசியில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் ஒரு வாசகர், அப்படி எடுப்பதே தப்பு, தானாக வர முடியாத குஞ்சு பிழைத்தாலும் தேறாது, விட்டுவிடுவதுதான் இயற்கை என்று எழுதியிருந்தார். இரண்டையும் படித்துவிட்டு எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்லை. இந்த இரண்டு யோசனைகளையும் கேட்டு நடந்து, இரண்டு விதமாகவும் குஞ்சுகளைச் சாகக் கொடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் இருந்தால் முழுசாகப் போடுங்கள்.

எங்கள் தோட்டம் சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் இருக்கிறது. தோட்டத்துச் சாளை வீட்டில் கோழி இல்லாத நாள் என்று எனக்கு நினைவே இல்லை. நாட்டுக்கோழியில் பெருவிடை ரகம் கொஞ்சம், சிறுவிடை ரகம் நிறைய. கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டு அடைகாக்க அவயத்துக்கு உட்கார்ந்தால் 21 நாள் அப்படியே போய்விடும், அப்புறம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ரெண்டு மூன்று மாதம் அலையும், அதுவரைக்கும் முட்டை கிடையாது. அத்தனை பாடுபட்டு அது வளர்க்கிற குஞ்சில் பாதியைக் காக்காயும் கீரியும் கொண்டு போய்விடும். அதனால்தான் மகன் தெர்மோகோல் பெட்டியில் ஒரு இன்குபேட்டர் செய்து கொண்டுவந்து வைத்தான். 40 முட்டை பிடிக்கும். பொரிக்கிற வேலை பெட்டிக்கு, வளர்க்கிற வேலை எனக்கு என்று ஆகி நாலு வருஷம் ஆச்சு.

முதல் தடவை வைத்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் பெட்டியை விட்டு நகர மனசே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொழுதோட வைத்தோம். வைத்த நாளை ஒன்று என்று எண்ணக் கூடாது, ஒரு நாள் முழுசாகக் கழிந்த பிறகுதான் ஒன்று, ஆகவே ஞாயிறு வைத்தால் மூன்றாவது ஞாயிறு பொரிக்கும். இதைத் தப்பாக எண்ணிக்கொண்டு, நாள் தாண்டிவிட்டது என்று பதறிப்போய் முட்டையை உடைக்கிறவர்களே நிறையப் பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமை ராத்திரி ஒரு முட்டையில் சின்னதாக நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல் விழுந்தது. உள்ளே இருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம். விடிந்து பார்த்தால் அதே விரிசல், அதே இடம், கொஞ்சம்கூட நகரவில்லை. பத்து மணி நேரம்தான் ஆகியிருந்தது, ஆனால் எனக்கு அது பத்து நாள் மாதிரி இருந்தது. அது சாகக் கிடக்கிறது என்று நானே முடிவு பண்ணிவிட்டேன்.

அத்தை திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். “அவசரப்படாத கண்ணு. அது உள்ளுக்குள்ள வேலை செஞ்சுக்கிட்டு இருக்குது. வேலை முடிஞ்சா அதா வந்துரும்” என்றார்கள். நான் கேட்கவில்லை. கோணி ஊசியை எடுத்து, விரிசலில் இருந்து ஓட்டைப் பேர்த்துக்கொண்டே போனேன். ஓட்டுக்கு அடியில் வெள்ளைச் சவ்வு. அதைக் கிழித்தவுடன் ஒரு சொட்டு ரத்தம் வந்தது, அப்புறம் நூல் மாதிரி வழிந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். ரத்தத்தைப் பார்த்ததும் இன்னும் பயந்துபோய், சீக்கிரம் எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று மீதி ஓட்டையும் உடைத்துக் குஞ்சைக் கையில் எடுத்தேன். அதன் வயிற்றுக்குக் கீழே, கோலிக்குண்டை விடப் பெரிசாக, மஞ்சளாக ஒரு பை தொங்கியது. அந்த மஞ்சள் பையின் சவ்வு முழுக்கச் சிவப்பு நரம்பு. குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூடியது. மதியத்துக்குள் அடங்கிவிட்டது. மற்ற முட்டைகளில் பாதிக்கு மேல் அன்று மாலையும் மறுநாளும் தாமாகவே பொரித்தன. நான் ‘காப்பாற்றிய’ ஒன்றுதான் போனது.

அப்புறம் எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் கேட்டபோதுதான், அத்தை சொன்ன ‘உள்ளே நடக்கிற வேலை’ என்னவென்று விளங்கியது. முட்டையின் மழுங்கிய பக்கத்தில் காற்றறை ஒன்று இருக்கிறது. நாள் ஆக ஆக முட்டையில் இருந்து நீர் ஆவியாகப் போய் அந்த அறை பெரிசாகும். 18 நாளில் முட்டையின் எடையில் 12 சதவீதம் போல இப்படிப் போக வேண்டும், 45 கிராம் முட்டை என்றால் ஐந்தரை கிராம். 19 அல்லது 20-ம் நாள் குஞ்சு அந்த அறையின் சவ்வைக் குத்தி மூக்கை உள்ளே விட்டு முதல் மூச்சை இழுக்கும். அதுவரை நுரையீரலுக்கு வேலையே கிடையாது, ஓட்டின் உள்பக்கம் முழுக்கப் படர்ந்திருக்கிற ரத்தக் குழாய்கள்தான் அதற்கு மூச்சு. அறையில் இருக்கிற காற்று சில மணி நேரத்தில் கெட்டுப்போகும், கரியமில வாயு கூடும், அந்தத் தவிப்பில்தான் குஞ்சு கழுத்தை உதறி ஓட்டைக் குத்தும். அதன் பிடரியில் அதற்கென்றே ஒரு தசை புடைத்திருக்கும், மூக்கு நுனியில் குருணை அரிசி மாதிரி வெள்ளையாக ஒரு முள் இருக்கும். வெளியே வந்த சில நாளில் முள் உதிர்ந்துவிடும், தசையும் வற்றிவிடும்.

விரிசல் விழுந்த பிறகுதான் முக்கியமான வேலையே. வெளிக்காற்று கிடைத்துவிட்டதால் குஞ்சு ஓய்வெடுக்கிறது. அந்த நேரத்தில் சவ்வில் ஓடுகிற ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குஞ்சின் உடம்புக்குள் வந்துசேரும், குழாய்கள் காய்ந்து மூடும், மிச்சம் இருக்கிற மஞ்சள்கருப் பை தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போய்த் தொப்புள் மூடிக்கொள்ளும். இதற்கு 12 மணி நேரமும் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். எல்லாம் முடிந்த பிறகு குஞ்சு உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு ஓட்டை வட்டமாக வெட்டி, மூடியை உதைத்துத் தள்ளிவிட்டு வரும். இந்தக் கடைசி வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், சிலதுக்கு ரெண்டு மூன்று மணி நேரம். பார்க்கிற நமக்கோ, சும்மா கிடக்கிற அந்த நீண்ட நேரம்தான் அது சாகிற நேரம் மாதிரித் தெரிகிறது. நான் அதன் ரத்தத்தைப் பாதி வழியில் அறுத்துவிட்டேன், சோற்றையும் பாதியில் பிடுங்கிவிட்டேன். வேறு என்ன சொல்ல.

அதற்கப்புறம் இனி எந்த முட்டையிலும் கை வைப்பதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டேன். உங்கள் வாசகர் எழுதிய அதே எண்ணம்தான்: வருவது வரட்டும், வராதது போகட்டும். ரெண்டு மூன்று தடவை அப்படியே ஓடியது. அப்புறம் ஒரு மாசிக் கடைசி. நம்ம பக்கத்து மாசி எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காலையில் காயப்போட்ட துணி பத்து மணிக்கெல்லாம் மொறமொறவென்று ஆகிவிடும். பெட்டியில் ஈரப்பதம் காட்டுகிற மீட்டர் இல்லை, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தோம், அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் குஞ்சு பார்க்க வந்தார்கள். ஒவ்வொரு குஞ்சு வந்ததும் மூடியைத் திறந்து எடுத்து அவர்கள் கையில் கொடுத்தேன். அன்றைக்கு எத்தனை தடவை திறந்தேன் என்று கணக்கே இல்லை. சாயங்காலம் பார்த்தால் மூன்று முட்டையில் விரிசல் விழுந்து பட்டாணி அளவு ஓட்டை ஆகியிருந்தது, அதோடு நின்றுவிட்டது. ஓட்டை வழியாகத் தெரிந்த சவ்வு வெள்ளையாக இல்லை, காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி பழுப்பாக மாறியிருந்தது. ராத்திரி முழுக்க அவை கத்தின. கையை வைக்கக் கூடாது, கையை வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே படுத்திருந்தேன். மறுநாள் இரவு ஒன்றின் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு மறுநாள் காலையில் சத்தமே இல்லை.

அந்த மூன்றையும் உடைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் குறை இல்லை. மஞ்சள்கரு முழுசாக உள்ளே போயிருந்தது, தொப்புள் மூடியிருந்தது, சவ்வில் ஒரு பொட்டு ரத்தம் கிடையாது. காலும் விரலும் நகமும் சரியாக இருந்தன. ஒன்று செவலை நிறத்தில், முதுகில் மூன்று கோடு போட்டு அத்தனை அழகு. சவ்வு காய்ந்து சுருங்கி, சட்டை இறுக்கினது மாதிரி உடம்போடு ஒட்டிப்போய், அது கழுத்தைத் திருப்பக்கூட இடம் இல்லாமல் ஆகிவிட்டிருந்தது. நான் ராத்திரி ஒரு பத்து நிமிஷம் செலவு பண்ணியிருந்தால் மூன்றும் நடந்து போயிருக்கும்.

இயற்கை என்று எழுதிய அந்த வாசகருக்கு நான் சொல்ல வருவது இதுதான். கோழியின் அடியில் இருக்கிற முட்டைக்கு அந்தப் பேச்சு பொருந்தலாம். தாய்க்கோழி தன் மார்பின் வெறும் தோலை முட்டைமேல் வைத்து உட்காருகிறது, மூக்காலும் காலாலும் முட்டையை உருட்டுகிறது, கடைசி ரெண்டு மூன்று நாள் முட்டையோடு கொக் கொக்கென்று மெதுவாகப் பேசிக்கொண்டே இருக்கிறது, உள்ளே இருக்கிற குஞ்சும் பதில் சொல்கிறது. கடைசி நாளில் இரைக்குக்கூட எழுந்திரிக்காது, கையை விட்டால் கொத்திப் பிடுங்கிவிடும், அதாவது மூடியைத் திறக்கவே விடாது. நாம் அந்தத் தாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பல்பையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் வைத்திருக்கிறோம். சூடு கூடினால் நம்மால், குறைந்தால் நம்மால், கரண்ட் போனால் நம்மால், சவ்வு காய்ந்தால் நம்மால். நம்ம கைப்பிழையால் மாட்டிக்கொண்ட குஞ்சைப் பலவீனமானது என்று சொல்லிச் சாக விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. நம்ம தப்பு எது, குஞ்சின் குறை எது என்று பார்த்துப் பிரிக்க முடியும். அதற்கு அவசரப்படாத கண்ணும் ஒரு பென்சிலும் போதும்.

பென்சில் எதற்கு என்றால், விரிசல் விழுந்ததைப் பார்த்தவுடன் அந்த நேரத்தை முட்டை மேலேயே எழுதிவிட வேண்டும். பேனா வேண்டாம், மை உள்ளே இறங்கும். எழுதாவிட்டால் நம்ம மனசு நேரத்தை இரண்டு மடங்காக எண்ணிக்கொள்ளும், எனக்கு அப்படித்தான் ஆச்சு. இப்போது எங்கள் பெட்டியில் எழுதி வைத்த நேரத்தில் இருந்து 24 மணி நேரம் ஆகாமல் நான் எதையும் தொடுவதில்லை. 18 மணி நேரம் ஆகி, ஓட்டை வழியாக மூக்கு தெரிந்து, சவ்வு வெள்ளையாக ஈரமாக இருந்தால் நிம்மதியாகப் போய்த் தூங்கலாம். குஞ்சு வாயைத் திறந்து மூடி எதையோ மெல்லுகிற மாதிரி, கொட்டாவி விடுகிற மாதிரிப் பண்ணிக்கொண்டிருந்தால் அது இன்னும் மஞ்சள்கருவை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், 24 மணி நேரம் தாண்டினாலும் அதைத் தொடக் கூடாது. பெட்டியின் சூடு ஒரு டிகிரி குறைவாக ஓடியிருந்தாலோ, நடுவில் கரண்ட் போய் முட்டை ஆறியிருந்தாலோ 22, 23-ம் நாள்கூடப் பொரிக்கும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் பேப்பரில் மின் நிறுத்தம் பற்றிப் போடுகிற அறிவிப்பை நான் முதலில் பார்ப்பதே இதற்காகத்தான். முட்டை பெட்டியில் இருக்கிற நாளில் எங்கள் ஊர்ப் பெயர் அதில் இருந்தால் பேட்டரியை முதல் நாளே சார்ஜ் பண்ணிவிடுவோம்.

சரி, எப்போது கை வைக்கலாம்? விரிசல் விழுந்து ஒரு முழு நாள் தாண்டி, ஓட்டை வழியாகத் தெரிகிற சவ்வு மஞ்சளாகவோ பழுப்பாகவோ காகிதம் மாதிரிக் காய்ந்து, முதலில் பலமாகக் கத்தின குஞ்சின் குரல் தேய்ந்துகொண்டே வந்தால். அல்லது முட்டை ஓட்டை வட்டமாக வெட்ட ஆரம்பித்து, பாதி வட்டம் வந்து நாலைந்து மணி நேரமாக அப்படியே நின்று, வெட்டின ஓரம் காய்ந்திருந்தால். இன்னொன்று, சில குஞ்சு தலைகீழாகத் திரும்பி முட்டையின் கூர்ப்பக்கம் குத்தும். அங்கே காற்றறை கிடையாது. அதில் பலவும் தானாகவே வந்துவிடுகின்றன, ஆனால் இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதன் மூக்குத் துவாரம் ஈரத்தில் அடைபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதலில் சொன்ன ரெண்டும் இல்லாமல், பார்க்கப் பாவமாக இருக்கிறது என்பதற்காகக் கை வைத்தால் அது உதவியில் சேராது.

போன கார்த்திகையில் ஒரு முட்டை. நல்ல ஈரமான மாதம், மீட்டரும் வாங்கிவிட்டோம், ஆனாலும் பெட்டியின் ஓரத்தில் ஃபேன் காற்று நேராக அடிக்கிற இடத்தில் அது மாட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலை 6 மணி என்று பென்சிலில் எழுதியிருந்தேன். சனிக்கிழமை 9 மணிக்கு ஓட்டை அதே அளவு, ஓரம் பழுப்பு, குரல் குறைந்திருந்தது. அன்றைக்கு அவசரப்படவில்லை. சமையல்கட்டுக் கதவைச் சாத்தி, அண்டாவில் தண்ணீர் கொதிக்கவிட்டு அறையில் ஆவி பிடிக்க வைத்தோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வெதுவெதுப்பான ஈரத்துணியில் முட்டையை உட்கார வைத்தேன். தேங்காய் எண்ணெயை, காங்கேயத்துச் செக்கில் ஆட்டினதுதான், லேசாகச் சூடு பண்ணி, காது குடைகிற பஞ்சுக் குச்சியில் தொட்டு, மூக்கில் படாமல் சவ்வில் மட்டும் தடவினேன். எண்ணெய் பட்டதும் காய்ந்த சவ்வு கண்ணாடி மாதிரித் தெளிந்தது. அப்படித் தெளிந்தால்தான் உள்ளே ரத்தக் குழாய் ஓடுகிறதா என்று தெரியும். ஒரு ஓரத்தில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. காற்றறை இருக்கிற மழுங்கிய பக்கம், அங்கே ரத்தம் இருக்காது, விரிசலில் இருந்து அந்தப் பக்கமாக மட்டும், கடுகு அளவு, மிளகு அளவு என்று ஓட்டுச் சில்லை இடுக்கியால் பேர்த்தேன். சவ்வைத் தொடவில்லை. மூக்குத் துவாரம் ரெண்டும் தெரிகிற அளவுக்கு வழி பண்ணியதும் நிறுத்திவிட்டு, முட்டையைப் பெட்டியில் திரும்ப வைத்து மூடிவிட்டேன். மொத்தம் ஏழெட்டு நிமிஷம்.

மூன்று மணி நேரம் கழித்துத் திரும்ப எடுத்தேன். அந்தச் சிவப்புக் கோடு மங்கியிருந்தது. காய்ந்த சவ்வுக்குத் திரும்ப எண்ணெய் தடவி, தலைக்கு மேலே இருந்ததை மட்டும் மெல்லப் பின்னால் தள்ளினேன். தலை இறக்கைக்கு அடியில் மடங்கி இருந்தது. மூக்கு வெளியே வந்ததும் கழுத்தை ஒரு தடவை நீட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே ஓட்டின் ஓரத்தில் சாய்த்துக்கொண்டு தூங்கிவிட்டது. அத்தையும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். “போதும் கண்ணு, மீதிய அதுக்கு உடு” என்றார்கள். அதுதான் சரி. வயிறும் தொப்புளும் இருக்கிற கீழ்ப்பாதி ஓட்டை நாம் எடுக்கவே கூடாது. காலை உதைத்து அதுவேதான் வெளியே வர வேண்டும். உள்ளே இன்னும் கொஞ்சம் மஞ்சள்கரு மிச்சம் இருந்தாலும் அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். மாலை ஆறரைக்கு உதைத்துக்கொண்டு வந்தது. முதுகில் எண்ணெயும் சவ்வும் ஒட்டி அசிங்கமாக இருந்தது, ரெண்டாம் நாள் வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டோம். ஒரு கால் கொஞ்சம் அகன்று விரிந்தது. ரெண்டு காலையும் ஒரு விரல்கடை இடைவெளி விட்டுப் பிளாஸ்திரித் துண்டால் பிணைத்துவிட்டோம், மூன்றாம் நாள் சரியாக நடந்தது. இப்போது அது முட்டைக்கு வந்த வெடைக்கோழி, காலையில் வேலி ஓரத்தில் முதலில் கேறுவது அதுதான்.

நடுவில் ரத்தம் வந்தால் என்ன பண்ணுவது என்று கேட்பார்கள். அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். சுத்தமான பஞ்சை அந்த இடத்தில் மெல்ல ஒற்றிப் பிடித்தால் ஒரு சொட்டு ரெண்டு சொட்டு ரத்தம் நின்றுவிடும், அப்புறம் பெட்டியில் வைத்து மூடி, ஆறு மணி நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. எல்லாம் சரியாகச் செய்தும் சிலது போய்விடும். குடல் வெளியே தெரிகிறது, மூக்கு மேலும் கீழும் சேராமல் குறுக்காக இருக்கிறது என்றால் அது நம்ம கையில் இல்லை. அப்படி ஒன்று எங்கள் பெட்டியிலும் வந்தது, அதை நான் இழுத்துப் பிடிக்கவில்லை.

இதையெல்லாம் விட நல்லது, உதவி தேவைப்படாத மாதிரி பெட்டியை வைத்துக்கொள்வது. ஃபேன் வைத்த பெட்டிக்கு 37.5 டிகிரி செல்சியஸ். ஃபேன் இல்லாத பெட்டி என்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வரை காட்ட வேண்டும். ஈரப்பதம் முதல் 18 நாளைக்கு 50-லிருந்து 55 சதவீதம், கடைசி மூன்று நாளைக்கு 65-லிருந்து 70 சதவீதம். 18-ம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட்டு மூடியைச் சாத்தினால் பொரித்து முடிகிற வரைக்கும் திறக்கவே கூடாது. குஞ்சு காயட்டும், பசிக்குமே என்று பயப்பட வேண்டாம், வயிற்றுக்குள் போன மஞ்சள்கருவை வைத்தே ரெண்டு நாள் தாராளமாக இருக்கும். தண்ணீர் ஊற்றத் திறக்க வேண்டியிருக்கிறதே என்பார்கள். மகன் சொட்டுநீர்ப் பாசனத்து மெல்லிய குழாய் ஒன்றைப் பெட்டியின் பக்கவாட்டில் துளை போட்டு உள்ளே இருக்கிற தட்டுக்கு விட்டிருக்கிறான், வெளியே இருந்து ஊசி போடுகிற சிரிஞ்சால் வெந்நீரை ஏற்றிவிடுகிறோம். நம்ம தோட்டத்தில் அந்தக் குழாய்த் துண்டுக்கு என்ன பஞ்சம்? அப்புறம், உங்கள் பேப்பர் மேலே மரியாதை இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும்: குஞ்சுக்கு அடியில் செய்தித்தாளை விரிக்காதீர்கள். வழவழவென்று இருப்பதால் முதல் ரெண்டு நாளிலேயே கால் விரிந்துபோகும். பழைய சாக்கைத் துவைத்துப் போடுங்கள்.

உங்களுக்கு ரெண்டு கோரிக்கை. இந்தப் பெட்டிகளை நம்ம பக்கம் தெருவுக்குத் தெரு விற்கிறார்கள், ஆனால் ஈரப்பதம் காட்டுகிற மீட்டர் இல்லாமல், தமிழில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லாமல் கொடுக்கிறார்கள். நான் வாங்கிப் பார்த்த இரண்டாவது பெட்டியும் அப்படித்தான் வந்தது, கேட்டதற்குத் தண்ணீர் வைத்தால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மீட்டர் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள் என்று உங்கள் வேளாண் பக்கத்தில் ஒரு தடவை எழுதுங்கள். அடுத்தது, நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, கோழிக்கும் முட்டைக்கும் அந்த ஊரைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இல்லை, கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்களும் நம்ம மாவட்டங்களில் இருக்கின்றன. நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சியில் தீவனம், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி, கொட்டகை எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். கடைசி மூன்று நாளுக்கென்று ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, உண்மையான முட்டையில் எது ஈரச் சவ்வு, எது காய்ந்த சவ்வு, எது ரத்தக் குழாய் என்று கண்ணால் பார்க்க வைத்தால் பெண்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். வீட்டில் பெட்டியைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் நாங்கள்தானே. அங்கே இருக்கிற பேராசிரியர் யாரையாவது கேட்டு, படத்தோடு அரைப் பக்கம் வாங்கிப் போட முடிந்தால் நான் வெட்டிப் பெட்டி மேலேயே ஒட்டிவைத்துக்கொள்வேன்.

எங்கள் பெட்டியில் இன்றைக்கு 18-ம் நாள். 34 முட்டை. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்து இரண்டு கூமுட்டையை எடுத்துவிட்டேன், மீதி எல்லாவற்றிலும் நிழல் நன்றாக அசைகிறது. இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து தட்டில் தண்ணீரை நிரப்பி மூடியைச் சாத்த வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டத்துக் கோழிகளை வளர்க்கும் ஒரு வாசகி,
சென்னிமலை அருகில், ஈரோடு மாவட்டம்.